ரோபோவுக்குத் தரை தெரிகிறதா?

டெப்த் கேமராவைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதப்போக, கேள்விகள் குவிந்துவிட்டன. கல்லூரிப் பிள்ளைகளுடையவைதான் அதிகம். நடுநடுவே ஒரு கிடங்கு மேலாளர், ஒரு பாட்டி, வீட்டுக்குத் துப்புரவு ரோபோ வாங்கலாமா என்று யோசிக்கும் ஓர் இல்லத்தரசி. இந்த இதழ் முழுக்க அவர்களுக்கே.

கே: சாதாரண கேமராவுக்கும் டெப்த் கேமராவுக்கும் என்ன வித்தியாசம்? ஒரே வரியில் சொல்லுங்கள். (பள்ளி மாணவி)

ப: அதன் ஒவ்வொரு புள்ளியும் "என்ன நிறம்" என்று சொல்லும்; இதன் ஒவ்வொரு புள்ளியும் "எவ்வளவு தூரம்" என்று சொல்லும்.

கே: அந்தத் தூரத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? (அதே மாணவி, அடுத்த வரியிலேயே)

ப: மூன்று வழி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை எதிரே வீசி, அவை எவ்வளவு இடம் மாறி விழுகின்றன என்று கணக்கிடுவது ஒன்று. 2010இல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிக்காக வந்த கினெக்ட் இந்த ரகம். ஒளி போய்த் திரும்பும் நேரத்தைப் பிடிப்பது இரண்டாவது. ஒளி ஒரு நானோநொடியில் 30 செ.மீ. ஓடிவிடும். அவ்வளவு சின்ன நேரத்தை நேராக அளப்பது கடினம். அதனால் ஒளியை ஒரே சீராக ஏற்றி இறக்கி அனுப்பிவிட்டு, அந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு பின்தங்கித் திரும்புகிறது என்று பார்க்கிறார்கள். 2013இல் வந்த இரண்டாவது கினெக்ட் அப்படி வேலை செய்தது. மூன்றாவது, பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு கேமராக்களின் படங்களை ஒப்பிடுவது. இன்டெல் ரியல்சென்ஸ் டி435 இந்த வகை. அதன் இரண்டு கண்களுக்கு நடுவே 5 செ.மீ. வெள்ளைச் சுவரில் ஒப்பிட்டுப் பார்க்க எந்த அடையாளமும் இருக்காது என்பதால், அதுவும் சுவரில் தானே புள்ளிகளை வீசிக்கொள்கிறது.

கே: எந்தப் பேராசிரியரைக் கேட்டாலும் கினெக்டில்தான் கதையை ஆரம்பிக்கிறார். அது விளையாட்டுச் சாமான்தானே?

ப: விளையாட்டுச் சாமான்தான், அதனால்தான் கதை அங்கே ஆரம்பிக்கிறது. 2010 நவம்பர் 4 அன்று மைக்ரோசாஃப்ட் அதை வட அமெரிக்காவில் விற்பனைக்கு விட்டபோது விலை 150 டாலர். அன்றைக்கு ரோபோ ஆய்வகங்களில் இருந்த லேசர் வருடிகள் ஆயிரக்கணக்கான டாலர். அவையும் ஒரே ஒரு கிடைமட்டக் கோட்டைத்தான் பார்த்தன. இதுவோ நொடிக்கு 30 முறை, முன்னால் இருப்பதையெல்லாம் மேலிருந்து கீழ்வரை அளந்து கொடுத்தது.

ஆனால் எக்ஸ்பாக்ஸை விட்டுவிட்டு வேறு கணினியில் மாட்ட வழியில்லை. அடாஃப்ரூட் என்ற நியூயார்க் மின்னணுக் கடை, அதைக் கணினியோடு பேசவைக்கும் திறந்த டிரைவர் நிரலை யார் முதலில் எழுதுகிறாரோ அவருக்கு 1000 டாலர் பரிசு என்றது. மைக்ரோசாஃப்ட் முகம் சுளித்தது. பரிசு 2000 ஆயிற்று, பிறகு 3000 ஆயிற்று. ஐரோப்பாவில் கினெக்ட் கடைக்கு வந்த நவம்பர் 10ஆம் தேதியே ஸ்பெயினின் ஹெக்டர் மார்ட்டின் எழுதி முடித்துவிட்டார். அதே நவம்பரில், கலிஃபோர்னியாவின் வில்லோ கராஜ் ஆய்வகத்தில் மெலோனி வைஸும் டல்லி ஃபூட்டும் ஒரு துப்புரவு ரோபோவின் அடிப்பாகத்தின் மேல் கினெக்டையும் மடிக்கணினியையும் ஏற்றி டர்டில்பாட்டை உருவாக்கினார்கள். ஒரு கல்லூரி ஆய்வகம் தன் சில்லறைச் செலவுக் கணக்கில் வாங்கக்கூடிய, தானே வழி தேடும் ரோபோ அன்றுதான் பிறந்தது என்பேன். இன்று இந்தப் பகுதிக்குக் கேள்வி எழுதும் மாணவர்களில் பாதிப்பேர் அந்த 150 டாலருக்குக் கடன்பட்டவர்கள்.

கே: அதற்கு முன்னால் ரோபோக்கள் குருடாகவா இருந்தன?

ப: இல்லை, பொறுமையாக இருந்தன! ரோபோ ஆய்வாளர் ஹான்ஸ் மொராவெக்கின் ஸ்டான்ஃபோர்டு வண்டியைக் கேளுங்கள். அதற்கு ஒரே ஒரு டிவி கேமரா. அதை ஒரு தண்டவாளத்தில் இடமிருந்து வலம் நகர்த்தி நகர்த்தி 9 படம் எடுக்கும். அவற்றை ஒப்பிட்டு எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட 10, 15 நிமிடம். பிறகு ஒரு மீட்டர் நகரும். மறுபடி 9 படம். 1979இல் நாற்காலிகள் போட்ட ஓர் அறையை, யாரும் கைகொடுக்காமல், அது கடந்து முடித்தது. ஆன நேரம் சுமார் 5 மணி.

வெளி முற்றத்திலும் மொராவெக் அதை ஓட்டிப் பார்த்தார். அங்கே வண்டி தடுமாறியது. அது கணக்குப் போட்டு முடிப்பதற்குள் வெயில் நகர்ந்து, நிழல்கள் இடம் மாறிவிடும். நிழலின் விளிம்பை நம்பி அது போட்ட கணக்கு அதற்குள் பழசாகியிருக்கும். எனக்கு மிகவும் பிடித்த ரோபோ எதுவென்று கேட்டால் இந்த வண்டியைத்தான் சொல்வேன். தன் கண்ணுக்கு எது தெரிகிறதோ அதை மட்டும் நம்பி, ஒரு மீட்டருக்கு மேல் தைரியம் கொள்ளாமல் நகர்ந்த ரோபோ அது.

கே: டி435 பத்து மீட்டர் வரை பார்க்கும் என்று படித்து வாங்கினோம். 4 மீட்டருக்கு அப்பால் சுவரெல்லாம் அலை அலையாக வருகிறது. பழுதான கேமராவா? (இறுதியாண்டு மாணவர்கள்)

ப: கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. பார்ப்பது வேறு, சரியாக அளப்பது வேறு. இரண்டு கேமரா முறையில் தூரம் இரட்டித்தால் பிழை நான்கு மடங்காகும். உங்கள் கேமராவுக்கே போட்டுப் பார்ப்போம்: 848 புள்ளி அகலப் படம், 5 செ.மீ. இடைவெளி, ஒப்பிடுவதில் ஒரு புள்ளியின் பத்தில் ஒரு பங்கு பிசகு. 1 மீட்டரில் பிழை அரை செ.மீ.கூட இல்லை. 2 மீட்டரில் சுமார் 2 செ.மீ. 4 மீட்டரில் 7 செ.மீ. 8 மீட்டரில் கால் மீட்டரைத் தாண்டிவிடும். வழியில் நிற்கும் தடையைக் கண்டுகொள்ள 3 மீட்டர் வரையிலான தகவலை எடுத்துக்கொள்ளுங்கள், மீதியைத் தள்ளுங்கள். தூரமாகப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் கண்களுக்கு நடுவே இடைவெளி அதிகமுள்ள கேமரா வாங்குங்கள். டி455இல் அது 9.5 செ.மீ.

கே: எங்கள் ரோபோ காலி ஹாலில் திடீரென்று நின்றுவிடுகிறது. படத்தில் பார்த்தால் அங்கங்கே தூரம் பூஜ்ஜியம் என்று வருகிறது. பூஜ்ஜியத்தையெல்லாம் அழித்துவிட்டால் ஓடுகிறது. அழிப்பது சரிதானே?

ப: நில்லுங்கள், இந்த இதழிலேயே முக்கியமான கேள்வி உங்களுடையது.

டெப்த் படத்தில் பூஜ்ஜியம் என்றால் "ஒட்டினாற்போல் ஏதோ இருக்கிறது" என்று அர்த்தமில்லை. "எனக்கு அளக்க முடியவில்லை" என்று அர்த்தம். முதலில் உங்கள் நிரல் அதைத் தடை என்று படித்தது, ரோபோ நின்றது. இப்போது அழித்துவிட்டீர்கள், நிரல் அதைக் காலியிடம் என்று படிக்கிறது, ரோபோ ஓடுகிறது. முதல் தவறில் உங்களுக்கு எரிச்சல் மட்டும்தான். இரண்டாவது தவறில் ஒருவருக்குக் கணுக்கால் போகும்.

அளக்க முடியாமல் போவது எங்கெங்கே? கறுப்பு வெல்வெட் துணி, கண்ணாடி, பளபளக்கும் எஃகு, வெயில் அடிக்கும் ஜன்னலோரம், பொருளின் விளிம்பை ஒட்டிய நிழல்பட்டை, அப்புறம் கேமராவுக்கு மிக அருகே வந்துவிட்ட பொருள். கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். டி435 முழுத் தெளிவில் சுமார் 28 செ.மீ.க்குள் இருப்பதை அளக்காது. அதாவது குழந்தை ஒன்று ரோபோவின் முகத்தோடு முகம் வைத்து எட்டிப் பார்க்கும்போது, படத்தில் அந்த இடம் பூஜ்ஜியமாக இருக்கலாம். அதைத்தான் அழித்திருக்கிறீர்கள்.

இந்தச் சிக்கலை, ரோபோ நிரல் எழுதப் பயன்படும் ராஸ் (ROS) மென்பொருளைக் கட்டியவர்கள் எப்போதோ யோசித்துவிட்டார்கள். தூரம் அளக்கும் கருவிகளுக்கான அவர்களுடைய 117ஆம் விதி மூன்று நிலைகளைத் தனித்தனியாகப் பிரிக்கிறது: மிக அருகில் இருப்பதால் அளக்க முடியவில்லை என்றால் கழித்தல் முடிவிலி, எட்டும் தூரத்துக்குள் எதுவும் இல்லை என்றால் கூட்டல் முடிவிலி, அளவீடே கெட்டுவிட்டது என்றால் எண்ணே இல்லை என்ற குறி. இதற்கும் முன்னால், 1985இல், மொராவெக்கும் ஆல்பர்ட்டோ எல்ஃபஸும் ஒலியலைக் கருவி வைத்து வரைபடம் போட்டபோதே, ஒவ்வொரு கட்டத்துக்கும் "நிரம்பியது", "காலி" என்பதோடு "தெரியாது" என்பதையும் சேர்த்தார்கள். அந்த மூன்றாவது நிலையைத்தான் மாணவர்கள் முதலில் தூக்கி எறிகிறார்கள். எறியாதீர்கள். தெரியாத இடத்தின் பக்கம் ரோபோ வேகம் குறைக்கட்டும், திரும்பிப் பார்க்கட்டும், தேவையானால் நிற்கட்டும்.

கே: கண்ணாடிக் கதவில் போய் நேராக முட்டுகிறது. (மருத்துவமனையில் மருந்து எடுத்துச் செல்லும் ரோபோவைப் பராமரிப்பவர்)

ப: அகச்சிவப்பு ஒளி கண்ணாடி வழியே போய், பின்னால் இருக்கும் சுவரின் தூரத்தை எடுத்துவந்து கொடுக்கிறது. கேமராவைப் பொறுத்தவரை கதவே கிடையாது. அல்ட்ராசோனிக் உணரி இரண்டு மாட்டுங்கள். ஒலிக்குக் கண்ணாடியும் செங்கல்லும் ஒன்றுதான். கதவில் முழங்கால் உயரத்தில் ஒரு ஸ்டிக்கர் பட்டையும் ஒட்டுங்கள், மனிதர்களுக்கும் நல்லது. முன்புறம் தொட்டால் நிற்கும் பம்பர் சுவிட்சு கட்டாயம். எத்தனை கேமரா வைத்தாலும் அந்தச் சுவிட்சைக் கழற்ற நான் சம்மதிக்கமாட்டேன்.

கே: மாடிப்படியில் இறங்காமல் எப்படித் தடுப்பது? (70 வயது தாண்டிய பாட்டி, பேரனின் ரோபோவைப் பற்றி)

ப: அம்மா, பெரும்பாலானவர்கள் "எதிரே தடை இருக்கிறதா?" என்று ரோபோவைக் கேட்கவைக்கிறார்கள். பள்ளத்தில் தடையே இருக்காதே. படிக்கட்டின் விளிம்பில் அந்தக் கேள்விக்கு "இல்லை, தாராளமாகப் போ" என்றுதான் பதில் வரும். பேரனிடம் கேள்வியைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள்: "எதிரே தரை தெரிகிறதா?" தரையின் தளம் எங்கே இருக்கவேண்டும் என்று ரோபோவுக்குத் தெரியும். அந்தத் தளத்தில் புள்ளிகள் விழுந்தால் போகலாம்; விழவில்லையென்றால் காரணம் எதுவாக இருந்தாலும் நிற்கவேண்டும்.

இதிலும் ஒரு தொல்லை உண்டு. ஈரம் காயாத மொசைக் தரை மேலே இருக்கும் விட்டத்தைப் பிரதிபலிக்கும்; கேமரா அதைத் தரைக்கு அடியில் உள்ள பள்ளம் என்று எண்ணிக்கொள்ளும். ரோபோ காரணமில்லாமல் நிற்கும். நிற்கட்டும், தரை துடைத்து முடிந்ததும் போகலாம். அடிப்பாகத்தில் கீழ்நோக்கிய சின்ன உணரி இரண்டையும் வைத்துவிட்டால், பேரன் ஊரில் இல்லாத நாளிலும் நீங்கள் கவலைப்படவேண்டாம்.

கே: லைடாரா, டெப்த் கேமராவா? ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது.

ப: நாற்காலியும் மேசையும் ஆட்களும் நிறைந்த இடமா? டெப்த் கேமரா. நீண்ட நடைபாதைகளும் பெரிய ஹால்களுமா? லைடார்.

ஒரே தளத்தில் சுழலும் லேசர் வருடியான லைடார் சுற்றி 360 பாகையும் பார்க்கும், "நான் எங்கே இருக்கிறேன்" என்பதை நன்றாகச் சொல்லும். ஆனால் மேசையின் நாலு காலை மட்டும் பார்த்துவிட்டு நடுவே போகலாம் என்று நினைக்கும். ரோபோவின் தலை மேசைப் பலகையில் இடிக்கும். டெப்த் கேமரா பலகையைப் பார்க்கும், தரையில் கிடக்கும் வயரையும் ஓரளவு பார்க்கும். ஆனால் அதன் பார்வை அகலம் கினெக்டில் 57 பாகை, டி435இல் 87. வெறும் நடைபாதையில் இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவர் என்றால், எவ்வளவு தூரம் வந்தோம் என்பதே அதற்குக் குழப்பம். காசு சேர்ந்ததும் இரண்டையும் வையுங்கள்.

கே: டெப்த் படத்தை லேசர் கோடாக மாற்றித் தரும் ராஸ் தொகுப்பு இருக்கிறதே, அதை வைத்தே வழிநடத்தலாமா?

ப: வரைபடம் போட்டுப் பழக நல்லது. ஆனால் அது இயல்பாகப் படத்தின் நடுவில் உள்ள ஒரே ஒரு வரிசையைத்தான் எடுக்கும். 640க்கு 480 படத்தில் 3 லட்சத்துக்கு மேல் புள்ளி. அதில் 640ஐ வைத்துக்கொண்டு மீதியைக் கொட்டிவிடுகிறீர்கள். மேசைப் பலகையும் வாசற்படியும் அந்த மீதியில்தான் இருந்தன. கணினி தாங்காது என்பது உங்கள் கவலை என்றால், புள்ளிகளை 5 செ.மீ. கனசதுரங்களாகத் தொகுத்துக்கொள்ளுங்கள். சுமை வெகுவாகக் குறையும், உயரம் கைவிட்டுப் போகாது.

கே: ஆள் குறுக்கே நடந்து போய்விட்டார். வரைபடத்தில் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார். என்ன செய்ய? (கிடங்கு மேலாளர்)

ப: அவர் நின்ற இடத்துக்குப் பின்னால் ஏதாவது ஒரு சுவர் தெரிந்து, அதன் தூரம் கிடைத்தால்தான் "நடுவில் உள்ளது காலி" என்று ரோபோ கோடு போட்டு அழிக்கும். உங்கள் கிடங்கில் பின்சுவர் 20 மீட்டருக்கு அப்பால். தூரம் கிடைக்கவில்லை, அதனால் அழிக்கவும் இல்லை. அழிக்காததற்காக அதைத் திட்டாதீர்கள்; தெரியாததைக் காலி என்று சொல்லாமல் இருக்கிறது. தடைகளைக் காலப்போக்கில் தானே மங்கவைக்கும் வரைபட அடுக்குகள் ராஸில் உண்டு. சில நொடி மறதியை அமையுங்கள். பேலட் போன்ற அசையாத பொருள்கள் மறுபடி கண்ணில் பட்டதும் மறுபடி பதிவாகிவிடும்.

கே: மொட்டைமாடியில் நண்பகலில் ஓட்டினால் படம் வெறுமையாகிவிடுகிறது.

ப: பழைய கினெக்டா? அதன் அகச்சிவப்புப் புள்ளிகள் சூரியனின் அகச்சிவப்பில் கரைந்துவிடும். இரண்டு கேமரா வகைக்கு வெயில் கைகொடுக்கும்: தரையின் சொரசொரப்பு நன்றாகத் தெரியும், வீசும் புள்ளிகளே தேவைப்படாது. எக்ஸ்போஷரை மட்டும் தானியங்கியில் விடுங்கள்.

கே: இரண்டு கினெக்ட் ரோபோக்கள் எதிரெதிரே வந்தால்?

ப: ஒன்றின் புள்ளிகள் மற்றதன் மேல் விழுந்து இரண்டும் குழம்பும். 2012இல் மைக்ரோசாஃப்டின் ஆய்வாளர்கள் இதற்கு ஓர் அழகான வழி கண்டார்கள். ஒவ்வொரு கினெக்டிலும் ஒரு சின்ன அதிர்வு மோட்டாரைக் கட்டி உதறவிட்டார்கள். தன் புள்ளியும் தன் கேமராவும் சேர்ந்தே ஆடுவதால் தன்னுடையது தெளிவாகத் தெரியும். அடுத்தவருடையது கலங்கி மறையும். சில ரூபாய் மோட்டார்! இப்படி ஒரு யோசனை வாழ்நாளில் ஒன்று வந்தால் போதும் எனக்கு. இரண்டு கேமரா வகைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. பக்கத்து ரோபோ வீசும் புள்ளி அவற்றுக்குக் கூடுதல் அடையாளம்தான்.

கே: நிலாவில் போன நம் பிரக்யானுக்கு டெப்த் கேமரா உண்டா?

ப: அதன் முன்னால் இரண்டு வழிகாட்டிக் கேமராக்கள் இருந்தன. அந்த ஜோடிப் படங்களிலிருந்து நிலத்தின் மேடுபள்ளத்தைக் கணக்கிட்டவர்கள் பூமியில் இருந்த இஸ்ரோ குழுவினர். 2023 ஆகஸ்ட் 27 அன்று, 3 மீட்டர் முன்னால் 4 மீட்டர் அகலப் பள்ளம் ஒன்று தெரிந்தது. வந்த வழியே திரும்பு என்று கட்டளை போயிற்று. வேறு பாதையில் பத்திரமாகப் போனது. செவ்வாயில் 2004இல் இறங்கிய ஸ்பிரிட்டுக்கும் ஆப்பர்ச்சுனிட்டிக்கும் இதே ஜோடிக் கண்கள்தான். ஆனால் அவை தாமே கணக்குப் போட்டு விலகிப் போகவும் தெரிந்தவை. பூமியிலிருந்து சொல்லி அனுப்பினால் செய்தி சேரவே பல நிமிடம் ஆகுமே.

கே: வீட்டுக்குள் கேமரா வைத்த ரோபோவை விடப் பயமாக இருக்கிறது. (இல்லத்தரசி)

ப: நியாயமான பயம். 2022 டிசம்பரில் எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ ஒரு செய்தி வெளியிட்டது: துப்புரவு ரோபோக்களின் சோதனை மாதிரிகள் வீடுகளுக்குள் எடுத்த படங்கள் இணையத்தில் கசிந்திருந்தன, கழிப்பறையில் இருந்த ஒரு பெண்ணின் படமும் அதில் இருந்தது. படங்களைப் பார்த்துப் பெயர் குறிக்கும் கூலி வேலைக்காரர்களிடமிருந்து அவை வெளியே போயிருந்தன. வழி கண்டுபிடிக்க ரோபோவுக்கு உங்கள் முகம் தேவையில்லை, தூரம் போதும். வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: நிறப்படம் எடுக்கிறதா? எடுத்தால் வீட்டைவிட்டு வெளியே அனுப்புகிறதா? இணையம் இல்லாமல் ஓடுமா? தெளிவான பதில் சொல்லாத கடையில் வாங்காதீர்கள்.

கே: வாங்கிய கேமராவைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டால்?

ப: நிறுத்துவார்கள் என்றே வைத்துக்கொண்டு நிரல் எழுதுங்கள். கினெக்டின் மூளையைச் செய்த இஸ்ரேலின் பிரைம்சென்ஸை 2013இல் ஆப்பிள் வாங்கிக்கொண்டது. கினெக்ட் உற்பத்தி 2017இல் நின்றது. அதன் வாரிசான அஷ்யூர் கினெக்ட் 2019இல் வந்து 2023இல் போயிற்று. ரியல்சென்ஸை மூடப்போவதாக 2021இல் இன்டெல் சொல்லி எல்லோரும் பதறினோம். 2025இல் அது தனி நிறுவனமாகப் பிரிந்து பிழைத்துக்கொண்டது. எந்தக் கேமராவானாலும் கடைசியில் கிடைப்பது ஒரு டெப்த் படமும் லென்ஸின் அளவுகளும்தான். உங்கள் நிரல் அவை இரண்டை மட்டும் நம்பட்டும். கேமராவின் பெயர் ஒரே ஒரு கோப்பில் இருக்கட்டும்.

கே: அடுத்த மாதம் போட்டி. கேமராவை எவ்வளவு உயரத்தில், எந்தச் சாய்வில் மாட்டுவது? (பாலிடெக்னிக் மாணவர் குழு)

ப: டி435 என்று வைத்துக்கொள்வோம்; மேலும் கீழுமாக அதன் பார்வை 58 பாகை. 30 செ.மீ. உயரத்தில் நேராக மாட்டினால் முதல் 54 செ.மீ. தரை தெரியாது. 15 பாகை கீழே சாய்த்தால் அது 31 செ.மீ. ஆகிவிடும். தூரத்தில் உயரமாக இருப்பது கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

அடுத்து வேகம். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போகிறீர்கள், படம் வந்து முடிவெடுக்க 0.2 நொடி என்றால் அதற்குள் 20 செ.மீ. ஓடியிருக்கும். ஒவ்வொரு நொடியும் வேகத்தை நொடிக்கு 1 மீட்டர் குறைத்தால் நிற்க இன்னும் 50 செ.மீ. ஆக, 70 செ.மீ.க்கு முன்பே தடையை உறுதியாகக் கண்டிருக்கவேண்டும்.

இனிக் காகிதத்தை வைத்துவிட்டுத் தரைக்கு வாருங்கள். ஒரு செருப்பைப் போட்டு, ரோபோவை மெல்ல அதை நோக்கித் தள்ளுங்கள். எந்த இடத்தில் செருப்பு படத்திலிருந்து மறைகிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போடுங்கள். கறுப்புச் செருப்பு, வெள்ளைச் செருப்பு, எவர்சில்வர் டம்ளர் மூன்றுக்கும் தனித்தனிக் கோடு. மூன்றில் தூரமான கோடு எதுவோ, அதற்கு உள்ளே வந்த பொருளை ரோபோ பார்க்காது. ஆகவே அதைக் கடைசியாகப் பார்த்த இடத்தை அது நினைவில் வைத்திருக்கும்படி நிரலை எழுதிவிட்டுப் பிறகு வேகத்தைக் கூட்டுங்கள்.